பறைச் சத்தம் ஏறும் இடம்

முதல் வேலையாக அக்கா கொம்பியூட்டர் திரையை அணைத்துவிடுவார். வெயிலில் நின்று, வியர்வையில் குளித்து, நான் எடுத்துக்கொண்டு வந்த படத்தை அவர் முதலில் பார்க்கவே மாட்டார். பெரிய கறுப்பு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, அணைந்த திரைக்கு முன்னால் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு செத்தவீட்டை ஆதியோடந்தமாகக் கேட்பார். கேட்டு முடியும்வரை தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை. முடிந்ததும் எழுந்து பின்பக்கம் போய், கிணற்றில் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு வருவார். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் குளிக்கத்தானே வேண்டும் என்பது அவருடைய நியாயம். அதனால் அவருடைய தலைமயிர் காய்ந்திருந்து நான் பார்த்த நாட்கள் குறைவு. அந்த நாட்களில் எங்களுக்குச் செத்தவீடுகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை.

மன்னாரில் எல்லோருக்கும் அவர் ஸ்டூடியோ அக்கா. ஸ்டூடியோ என்று அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தையற்கடை. அதற்கு ஒட்டினாற்போல் ஓர் அறை. அறைக்குள் ஒரு கொம்பியூட்டர், ஒரு பழைய ரீவி, மலிவான ஒரு டிவிடி பிளேயர், இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள், மூலையில் புகைப்படம் எடுக்கவென்று தொங்கவிட்ட நீலத் திரைச்சீலை. வாசல் நிழலில் எப்போதும் இரண்டு கழுதைகள் நிற்கும். உள்ளே போகிறவர்கள் அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் போகவேண்டும். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அக்கா தனியாளாக வந்தார் என்றும், பெட்டிக்குள் உடுப்பைவிட வயர்கள்தான் அதிகம் இருந்தன என்றும் தையற்கடைக்காரர் சொல்வார். முகாமுக்குப் பக்கத்து ஊரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பழகியவராம். கலியாணம் கட்டியவரா, கட்டாதவரா என்பதில் ஊருக்கு இரண்டு கட்சி இருந்தது. அவரிடம் நேரே கேட்கும் தைரியம் இரண்டு கட்சிக்கும் இருக்கவில்லை.

நான் கமெராக்காரன். அப்போது புதிதாக ஒரு ஹெச்.டி. கமெரா வாங்கியிருந்தேன். மாவட்டத்திலேயே அப்படியொன்று என்னிடம்தான் இருக்கிறது என்ற கொழுப்பு எனக்கு. பிரேதத்தின் நெற்றியிலுள்ள திருநீற்றின் பொருக்குக்கூடத் தெரியும் அதில். அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அக்காவின் மேசையில் வைத்தால் அவர் தலையைக்கூடத் தூக்கமாட்டார்.

"உம்மட குளத்தை நான் போத்தலுக்குள்ள அடைக்கவேணும் தம்பி. வைச்சிட்டுப் போம்" என்பார்.

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. கமெரா எடுத்த படம் துண்டு துண்டாக, பெயரில்லாத சின்னச் சின்னக் கோப்புகளாகத்தான் கார்டில் கிடக்கும். அவற்றை ஒழுங்குபார்த்து இணைக்கவேண்டும், வெட்டவேண்டும். பிறகு டிவிடியின் அளவுக்குள் வரும்வரை சுருக்கவேண்டும். சுருக்கினால் என் திருநீற்றுப் பொருக்கெல்லாம் வெறும் வெள்ளைத் தீற்றலாகிவிடும். சுருக்குகிற வேலை நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கரண்ட் வரும்வரை கைவிசிறியால் கொம்பியூட்டருக்கு விசிறிக்கொண்டிருப்பார். எல்லாம் முடிந்து டிவிடித் தட்டில் எழுதும்போது இருப்பதிலேயே மெதுவான வேகத்தில்தான் எழுதவிடுவார். எழுதிய தட்டை அந்த மலிவுப் பிளேயரில் போட்டு, இதில் ஓடினால் எதிலும் ஓடும் என்று முழுவதையும் ஓடவிட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மார்க்கரால் பெயர் எழுதுவார்.

கலியாணமும், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடும் இல்லாமலில்லை. ஆனால் போர் முடிந்து சனங்கள் திரும்பி வந்து குடியேறிய அந்த வருசங்களில் எங்கள் பிழைப்பு பெரும்பாலும் செத்தவீடுகளில்தான் ஓடியது. எல்லா வீட்டிலும் ஒருவராவது வெளிநாட்டில் இருந்தார். வரமுடியாதவர். விசா இல்லை, அல்லது அகதி வழக்கு முடியவில்லை, அல்லது வந்தால் பிடிப்பார்களோ என்ற பயம். அவருக்காகத்தான் டிவிடி. அங்கே குளிருக்குள் யன்னலைச் சாத்திவிட்டு, ரீவிக்கு முன்னால் விளக்கு வைத்து, தகப்பனின் பிரேதத்தைப் பார்த்து அழுவார்கள். அதைப் பார்க்கிறவர் அழவேண்டும், அழாவிட்டால் படம் சரியில்லை என்று எனக்கே சொல்லியிருக்கிறார்கள்.

அழவைப்பது படமில்லை, ஒப்பாரிதான். அங்கேதான் சிக்கல்.

எங்கள் பெண்கள் வாழ்நாளில் வாய் திறந்து சொல்லாததை எல்லாம் பிரேதத்துக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள். புருசனுக்குப் பயந்தவள் புருசனின் குற்றத்தைச் சொல்வாள். சம்பந்திக்குப் பயந்தவள் சம்பந்தியின் பெயரைச் சொல்லி அழுவாள். சொல்லி முடிந்தால் முடிந்ததுதான். அன்றைக்கு அப்படிச் சொன்னாயே என்று பிறகு யாரும் எடுத்துக் கேட்பதில்லை. கேட்பது பெரிய மரியாதைக்கேடு. கேட்டவர்கள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளமாட்டார்கள். எவ்வளவோ காலமாக இந்த ஒழுங்கு இருந்தபடியால்தான் அவர்கள் துணிந்து சொன்னார்கள். இந்த ஒழுங்குக்குள் கமெரா என்ற ஒரு பிராணி நுழைந்ததை அவர்கள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அக்கா வந்த புதிதில் எல்லாச் சத்தத்தையும் அப்படியே விட்டுத்தான் டிவிடி அடித்தாராம். அப்படி அடித்த ஒன்றை வெளிநாட்டுக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். வழியில் எங்கோ ஒரு சோதனையில் அதை வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறான். செத்தவரின் பெண்சாதி ஒப்பாரியில் தன் மகனைக் காட்டிக்கொடுத்தவனின் பெயரைச் சொல்லியிருந்தாள். மகன் இயக்கத்தில் இருந்தவன் என்பதும் அதிலேயே வந்துவிட்டது. அந்த மனுசியைச் செத்தவீட்டுத் துடக்கு கழியுமுன்னரே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பிறகும் கூப்பிட்டார்கள். அவள் அக்காவிடம் வந்து ஒன்றும் ஏசவில்லை. வாசலில் நின்று, "பிள்ளை, நான் என்ர மனுசனோடதானே கதைச்சனான்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாளாம்.

அதற்குப் பிறகுதான் திரையை அணைக்கும் பழக்கம் வந்தது.

"படத்தில மாட்டுப்பட்ட சனத்தைவிடச் சத்தத்தில மாட்டுப்பட்ட சனம்தான் கூட" என்பார். படம் ஓடினால் கண் அதில் போய்விடும், காது வேலை செய்யாது. அதனால் முதலில் இருட்டில் கேட்பார். பெயர் வரும் இடம், ஊர் வரும் இடம், இயக்கம் என்ற சொல் வரும் இடம், இன்னும் வராதவர்களைப் பற்றிச் சொல்லும் இடம் எல்லாவற்றையும் கேட்டுவைத்துக்கொண்டு, அந்த இடங்களில் அழுகையைத் தணித்துவிட்டு அதே வீட்டின் பறைச் சத்தத்தை எடுத்து மேலே ஏற்றிவிடுவார். பறை இல்லாத வேத வீடென்றால், அதாவது கிறிஸ்தவ வீடென்றால், கோயில் மணி, அல்லது பாட்டு. ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. சில இடங்களுக்கு அதுவும் பொருந்தாது. அங்கே இன்னொரு பெண்ணின் விம்மலை வேறோர் இடத்திலிருந்து எடுத்து ஒட்டுவார். எந்த விம்மல் எந்த வாய்க்குப் பொருந்தும் என்பது அவருக்குத் தெரியும். பார்க்கிறவர்கள் யாரும் பிடித்ததில்லை.

டிவிடி கொடுத்துமுடிந்த கையோடு கொம்பியூட்டரிலிருந்த கோப்புகளை அழிப்பார். என் கார்டையும் வாங்கி அழிப்பார். பாவிமனுசி, ஒரு படத்தையாவது நல்லதென்று வைத்துக்கொள்ள விட்டதில்லை. அதற்காக நான் சண்டை பிடித்திருக்கிறேன். என் சொந்த உழைப்பை அழிக்க நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறேன். காது கேட்காதவர்போல் இருந்துவிடுவார். ஊரிலேயே கூர்மையான காது அது.

பேசாலைப் பக்கம் ஒரு செத்தவீடு நினைவிருக்கிறது. கடலுக்குப் போகிற மனுசன், நெஞ்சடைத்துச் செத்துவிட்டார். அவருடைய பெண்சாதி புருசனைச் சொல்லி அழுதுகொண்டிருந்தவள் திடீரென்று வாசலில் வேலிப் படலைக் கதவின் பக்கம் திரும்பி, இல்லாத மகனைக் கூப்பிட்டு அழத் தொடங்கினாள். 'படலை சாத்தேல்லை மகனே, நாய் குரைச்சாலும் சாத்தேல்லை, நீ வந்தாத் தள்ளிக்கொண்டு வா' என்று. கமெராவுக்குப் பின்னால் நின்ற நானும் கண்ணை எடுத்து வாசலைப் பார்த்தேன். யாருடைய பெயரும் அதில் இல்லை. இதையாவது விடுங்கோ அக்கா என்று கெஞ்சினேன். அவரும் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட நேரம் யோசித்தார். அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"வராதவனுக்குப் படலை திறந்து வைச்சிருக்கிறாளெண்டால், அந்த வராதவன் ஆரெண்டு கேப்பினம் தம்பி."

மணிச் சத்தத்தை ஏற்றிவிட்டார். பிறகு வழக்கம்போல் அழித்தார். அந்த வரி உலகத்தில் எங்கும் இல்லை, எங்கள் இரண்டு பேரின் காதைத் தவிர.

இவ்வளவு அழிக்கும் ஒருவரைச் சனங்கள் நம்பியதும் அதனால்தான். புத்தளத்தில் இருந்துவிட்டு மறிச்சுக்கட்டிக்குத் திரும்பிவந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தில் கலியாணம். பெண்கள் பக்கத்துக்கு நான் போகமுடியாது. அக்காதான் போய் எடுத்தார். வரமுடியாத மூத்த மகளுக்காக ஒரேயொரு பிரதி. அது எழுதி முடியும்வரை மணப்பெண்ணின் தாயார் ஸ்டூடியோவில் கூடவே இருந்தார். என்னை வெளியே கழுதைகளோடு நிற்கவிட்டார்கள். எல்லாவற்றையும் அழித்துக் காட்டியபிறகும் அந்த உம்மாவுக்கு மனம் ஆறவில்லை.

"ஒண்டும் மிஞ்சேல்லையே மகள்?" என்று கேட்டது வெளியே கேட்டது.

"என்ர கண்ணில மட்டும்தான் மிச்சம்" என்றார் அக்கா.

அந்தப் பதிலைக் கேட்டு உம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் இத்தனை வீட்டு ஒப்பாரியும் இந்த மனுசியின் தலைக்குள் அல்லவா கிடக்கும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தேன். குளித்தால் போகிற விசயமா அது? அதன்பிறகு அவர் ஈரத்தலையோடு வந்து உட்காரும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

தன்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே கதை இது. அவர் முகாமில் இருந்த காலத்தில் தாய் இந்தக் கரையில் செத்துப்போனார். வரமுடியவில்லை. யாரோ புண்ணியவான் வீடியோ எடுத்து, கசற்றைப் படகில் வந்த ஆட்களிடம் கொடுத்துவிட்டார். அது கடல்தண்ணியில் நனைந்துவிட்டது. போட்டுப் பார்த்தபோது படம் ஒருமாதிரி இருந்தது. சத்தம் இல்லை, வெறும் இரைச்சல். சின்னம்மா தாயின் தலைமாட்டில் இருந்து கமெராவைப் பார்த்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த இவரைப் பார்த்து, என்னவோ சொல்லி அழுதிருக்கிறார். அந்தச் சின்னம்மாவும் பிறகு உயிரோடு இல்லை.

"வாய் அசைஞ்சது. என்ன சொன்னவ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது" என்றார். சொல்லிவிட்டு, அடுத்த செத்தவீட்டுக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

இனி என் வீட்டுக் கதைக்கு வரவேண்டும். வராமல் அவரைப் பற்றிச் சொல்லிமுடிக்க ஏலாது.

எங்கள் ஊர் உயிலங்குளத்துக்கு உள்ளே, வயலும் குளமுமான ஊர். நாங்கள் மூன்று பெடியங்கள். பெரியண்ணன், சின்னண்ணன், நான். வீட்டுக்கு ஒருவரை இயக்கத்துக்குக் கொடுக்கவேண்டும் என்ற காலம் வந்தபோது நான் சின்னவன். மன்னாரில் மாமி வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தேன். பெரியண்ணனைக் கொஞ்சக்காலம் வயலிலிருந்த வாடிக் கொட்டிலில் ஒளித்துவைத்திருந்துவிட்டு, எப்படியோ கடல்கடத்தி அனுப்பினார்கள். சின்னண்ணன் போனான். அவன் தானாகத்தான் போனான், தடுத்தும் கேட்கவில்லை என்று அப்பா சொன்னார். சாகும்வரை அதையே சொன்னார். கடைசிச் சண்டைக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவனுடைய படம் ஒன்றுகூட வீட்டுச் சுவரில் இல்லை. வைக்கப் பயம்.

மீளக் குடியேறியபோது பழைய வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்தான் கிடந்தது. வீட்டுத்திட்டத்தில் இரண்டறையும் தகரமுமாக ஒன்று கிடைத்தது. வேலி இல்லை, படலை இல்லை. யாரும் எந்தப் பக்கத்தாலும் வரலாம். அந்த வீட்டில் ஒரு காலை அப்பா கிணற்றடியில் விழுந்து செத்துப்போனார்.

பெரியண்ணனுக்கு அங்கே வழக்கு முடியவில்லை, வரமுடியாது. சின்னண்ணன் இல்லை. கொள்ளிவைக்க நான்தான். கொள்ளிக்குடம் தூக்கிறவன் கமெரா தூக்க ஏலாதே. கேட்காமலே அக்கா வந்தார். என் கமெராவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பெண்கள் வட்டத்துக்குள் போனார். நான் வெளியே ஆண்களோடு நின்றேன். அம்மாவின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை.

பெரியண்ணன் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சுருக்காமல், தெளிவாக, ஹெச்.டி.யிலேயே வேண்டும். அதற்கென்று புதுப் பிளேயர் வாங்கிவிட்டாராம். சாதாரண டிவிடித் தட்டிலேயே ஹெச்.டி. கோப்பை எழுதலாம். ஆனால் அரை மணித்தியாலத்துக்குத்தான் இடம் காணும். அக்கா அதற்கு ஏற்ற விதமாகக் கோப்பைத் தயாரிக்க ஒரு கிழமை மினக்கெட்டார். எழுதுவார், இரவல் வாங்கிய ஹெச்.டி. பிளேயரில் ஓடாமல் நிற்கும், தட்டை முறித்துவிட்டு மறுபடி எழுதுவார். கடைசியில் அப்படியொரு தெளிவு. அப்பாவின் நெற்றித் திருநீறு பொருக்குப் பொருக்காகத் தெரிந்தது. எனக்காகத்தான் அதைச் செய்தார் என்று நினைக்கிறேன்.

தட்டு போய்ச் சேர்ந்த அன்றே பெரியண்ணன் போன் எடுத்தார். அழுதபடிதான் தொடங்கினார்.

"அம்மாட வாய் அசையுதடா. கமெராவைப் பாத்துத்தான் சொல்லுறா. பறைச் சத்தம்தான் கேக்குது. அம்மா என்ன சொன்னவ?"

தெளிவாக எடுத்ததன் வினை. சுருக்கிய படமென்றால் வாய் அசைவது யாருக்குத் தெரியப்போகிறது?

எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்கவும் முடியாது, வழக்கமில்லை. பெரியண்ணன் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே கேள்வி. கடைசியில் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். தகப்பனுக்குக் கொள்ளிவைக்க வராத பிள்ளை என்று அம்மா தன்னைத் திட்டியிருக்கிறார், அதை நாங்கள் மறைக்கிறோம் என்று. குளிசை போட்டால்தான் நித்திரை வருகிறது என்றார். இனி வழக்கமாவது ஒன்றாவது, கேட்டுவிடுவோம் என்று நான் துணிந்த மாதத்தில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. அதன்பிறகு அம்மாவிடமிருந்து 'ம்' என்ற சத்தம் மட்டும்தான்.

அக்காவிடம் போனேன். கோப்பு அழித்தாயிற்று என்றார். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். செத்தவீட்டுக் கதை என்றார். எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். உங்களுக்குச் செய்ததை நீங்கள் எங்களுக்குச் செய்துவிட்டீர்கள், உங்கள் கசற்றைக் கடல் அழித்தது, எங்களுடையதை நீங்கள் அழித்தீர்கள் என்றேன். அவர் முகம் ஒருகணம் கோணியது. கதிரையைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தார். நான் கார்டுகளைத் தையற்கடைக்காரரிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினேன். நேரே போவதில்லை.

பெரியண்ணனின் வழக்கு முடிந்து, தாள் கிடைத்து, கடைசியில் வந்தார். தலை நரைத்து, தொந்தி வைத்து, வீட்டைப் பார்த்து இது ஆருடைய வீடு என்று கேட்டுக்கொண்டு வந்தார். அம்மாவின் காலடியில் இருந்து நாள் முழுக்கக் கதைத்தார். அம்மா நல்ல கையால் அவருடைய தலையைத் தடவினார். 'ம்' என்றார். மூன்றாம் நாள் பெரியண்ணன் என்னை இழுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார்.

அக்காவுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, வெளிநாட்டில் பழகிய மரியாதையோடு, மெதுவாகத்தான் கேட்டார்.

"அக்கா, என்ன எண்டாலும் பரவாயில்லை. திட்டினதெண்டால் திட்டினது எண்டு சொல்லுங்கோ. என்ர அம்மாட சொல்லு எனக்கு வேணும்."

அக்கா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கொம்பியூட்டர் திரையை அணைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு, அணைந்த திரையைப் பார்த்தபடி, சொல்லத் தொடங்கினார்.

அழவில்லை. பாடவுமில்லை. ஆனால் அது அம்மாவின் இழுப்பு, அம்மாவின் மூச்சு. வரிக்கு நடுவில் மூக்கை உறிஞ்சும் இடம்கூட அப்படியே. பேச்சுப்போன அம்மாவின் குரலை எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் அந்த மனுசி எடுத்து வைத்தார். அப்பா முதன்முதல் வாங்கிய சைக்கிள் வந்தது. இடம்பெயர்ந்த வழியில் விட்டுவிட்டுப்போன வெள்ளைப் பசு வந்தது. கிணற்றடி வந்தது. அனுப்புமுன் தட்டைப் பலமுறை பார்த்தவன் நான், எந்த வரிக்குப் பிறகு பறை ஏறும் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் நெருங்கியது. அக்கா நிறுத்தவில்லை. மூச்சை ஒருமுறை இழுத்துக்கொண்டு, அதே இழுப்பில் சொன்னார்.

"படலை சாத்தேல்லை மகனே... நாய் குரைச்சாலும் சாத்தேல்லை... நீ வந்தாத் தள்ளிக்கொண்டு வா..."

பெரியண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு கதிரையோடு குலுங்கினார். எத்தனையோ வருசம் அடைத்திருந்தது உடைந்து வந்த அழுகை அது. அம்மா என்னைத் திட்டேல்லை, அம்மா என்னைத் திட்டேல்லை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் விட்டுப்போன பழைய வீட்டுக்குப் படலை இருந்தது. பனைமட்டையால் அடைத்த பெரிய படலை. அவருக்கு அந்த வீடுதான் மனதில் இருந்தது. இப்போது இருக்கும் வீட்டுக்குப் படலையே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. அந்த வரி எந்த வீட்டு வரி என்பதும் தெரிந்தது. அண்ணனின் தோளைப் பிடித்து எழுப்பினேன்.

அவரைப் பஸ் நிலையத்தில் தேத்தண்ணிக் கடையில் இருத்திவிட்டுத் திரும்பி வந்தேன். அக்கா கிணற்றடியில் நின்றார். தலையில் ஊற்றியாயிற்று.

"அம்மா என்ன சொன்னவ?" என்றேன்.

ஈரச் சேலையைப் பிழிந்தபடி, இம்முறை யாருடைய இழுப்பும் இல்லாமல், வெறும் பேச்சாகச் சொன்னார்.

"மூத்தவனை வாடிக்குள்ள ஒளிச்சு வைச்சுப்போட்டு, நடுவிலானைக் கையில பிடிச்சுக்கொண்டுபோய்க் குடுத்தியளே. இப்ப போற இடத்தில அவன் நிண்டால் என்ன சொல்லுவியள். இதுதான் உம்மட அம்மா அப்பாவைப் பாத்துச் சொன்னது; கமெரா அவற்ற தலைமாட்டில நிண்டது."

கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். அவன் தானாகப் போகவில்லை. அப்பா கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எங்கள் மூன்று பேரில் ஒருவனைத் தெரிந்து எடுத்திருக்கிறார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு அந்த மனுசனோடு இவ்வளவு காலமும் ஒரே வீட்டில் இருந்து, அவருக்குச் சோறு போட்டு, அவர் செத்தபிறகுதான் கேட்டிருக்கிறார்.

"இது உம்மட அண்ணருக்குத் தெரிஞ்சால் அந்தாள் அங்கையும் இருக்கமாட்டார், இஞ்சையும் இருக்கமாட்டார்" என்றார் அக்கா. "தனக்குப் பதிலாத்தான் தம்பி போனவன் எண்டு ஒருத்தன் எப்பிடித் தம்பி சோறு தின்னுறது?"

"அதுக்காக ஆரோ ஒரு மனுசீன்ர சொல்லை..."

"அதுவும் ஒரு தாய் சொன்னதுதானே" என்றார். "நான் ஒண்டும் கட்டிச் சொல்லேல்லை. அங்கை வெட்டினதை இஞ்சை ஒட்டினனான்."

நான் முன்பு சொன்ன சொற்களுக்கு அவர் என்னைத் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. சேலையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். அடுத்த கார்ட் மேசையில் கிடந்தது.

சில வருசத்தில் எல்லோரும் போனிலேயே எடுத்து, போனிலேயே அனுப்பத் தொடங்கினார்கள். டிவிடி கேட்டு வருவோர் இல்லை. ஒருநாள் அறை பூட்டிக் கிடந்தது. இந்தியாவுக்கே திரும்பிப் போய்விட்டார் என்றார் தையற்கடைக்காரர். சொல்லிவிட்டுப் போகவில்லை. சத்தமில்லாமல் போவது அவருக்குப் பழகிய விசயம்.

பெரியண்ணன் அந்தமுறை திரும்பிப்போகுமுன் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு ஒரு படலை போடவேண்டும், அதைச் சாத்தவே கூடாது, அம்மாவின் சொல் அது. மறுக்க முடியாமல் வேலி அடைத்து, மரச்சட்டத்தில் தகரம் அடித்து ஒரு படலை போட்டேன். திறந்தே விட்டேன். திறந்த படலையால் கட்டாக்காலி மாடுகள் வந்து கத்தரிக்கன்றுகளை மேய்ந்தன. என் மனுசி கத்தினாள். ஒரு பின்னேரம் நான் எழுந்துபோய்ப் படலையை இழுத்துச் சாத்தினேன்.

விறாந்தையில் கதிரையில் இருந்த அம்மா நல்ல கையால் கதிரைக் கைப்பிடியில் அடிக்கத் தொடங்கினார். 'ம்', 'ம்' என்று. நான் திறக்கும்வரை நிறுத்தவில்லை. திறந்ததும் கை ஓய்ந்தது. கண் படலையிலேயே நின்றது. அந்த வரியை யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. பெரியண்ணன் வந்து போய்விட்டார், நான் பக்கத்தில் நிற்கிறேன். வராதவன் இன்னும் ஒருவன்தான்.

பிறகு அம்மாவும் செத்துப்போனார். வீட்டில் ஒப்பாரி சொல்ல யாரும் இருக்கவில்லை. திவசத்துக்குத் திவசம் பெரியண்ணன் போன் எடுத்து அந்த வரியைச் சொல்லிக் கொஞ்சம் அழுவார். தன் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாராம். படலை திறந்துதானே இருக்கிறது என்று முடிவில் கேட்பார். ஓம் அண்ணா, திறந்துதான் கிடக்கு என்பேன். அது உண்மை. இந்தமுறை கத்தரியும் வைக்கவில்லை.